மேடையும் இசைத்தட்டும்

நம் கல்லூரியின் விழா மலரிலே நியூயோர்க் நகரத்து இசை நாடகங்களைப் பற்றி எழுதப் புகுதல் பொருந்துமோ என அன்பர் சிலர் ஐயுறுதல் கூடும். இசை நாடகம் என்றால் நமக்கு அரிச்சந்திரா உண்டு, கோவலன் உண்டு, வள்ளி திருமணம் உண்டு. அவற்றை விடுத்துக் கடல் கடந்து செல்வானேன் என்பர். அவர்க்கு யாம் கூறும் விடை இது: அந்த அயல்நாட்டு நாடகங்களின்மீது எமக்கு ஆசை பிறந்த இடம் இக்கல்லூரியின் மாணவர் விடுதியே. பட்ட கடனைப் பட்ட இடத்திலே தீர்ப்பது முறையன்றோ?

1963 ஆம் ஆண்டளவில் எமது வகுப்புக்குப் பேர்னாட் ஷோ எழுதிய ‘பிக்மேலியன்’ ஆங்கிலப் பாடநூலாக இருந்தது. தெருவிலே பூ விற்கும் பெண்ணொருத்திக்குச் சீமாட்டியின் உச்சரிப்பைக் கற்பித்துச் சபையேற்றும் மொழியறிஞர் ஒருவரின் கதை அது. ஆங்கில உச்சரிப்புக்காகப் பலமுறை குட்டு வாங்கிய எமக்கு அக்கதை எளிதில் விளங்கிற்று. ஒரு வெள்ளிக்கிழமை மாலை எமது ஆங்கில ஆசிரியர் அகன்ற சதுர அட்டை உறையொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடுதிக்கு வந்தார். ஷோவின் நாடகத்தை அடியொற்றி 1956 இல் நியூயோர்க்கில் அரங்கேறிய ‘மை ஃபெயர் லேடி’ என்னும் இசை நாடகத்தின் பாடல்கள், மேடையில் நடித்தவர்களாலேயே பாடப்பெற்று, அவ்வுறையினுள்ளே ஒரு தட்டில் இருந்தன. விடுதிப் பொறுப்பாசிரியரின் இசைத்தட்டுப் பெட்டி சாப்பாட்டு மண்டபத்து மேசைமீது ஏறியது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தட்டின் இரு பக்கங்களும் ஓடி முடிந்தன. பாடநூலைக் கையிற் பிடித்தபடி கேட்டிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “சேர், பாட்டெல்லாம் கேட்டம். நாடகம் எங்கை?” என்றார். ஆசிரியர் சிரித்துவிட்டு, “அது போன வருஷத்தோடை முடிஞ்சுது, தம்பி. இனி மிச்சம் இதுதான்” என்றார். 2,717 தடவை ஆடப்பெற்ற அந்நாடகம் 1962 செப்டெம்பரில் நியூயோர்க்கில் முடிவுற்றிருந்தது.

அவ்வினாவையும் விடையையும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக யாம் மறந்திலோம். பழைய இசை நாடகங்களை அறிந்தோம், சுவைத்தோம் எனக் கூறுவோருட் பெரும்பாலார் அறிந்தது நாடகத்தை அன்று, தட்டையே. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செங்கோட்டைக் கிட்டப்பா 1933 இல் இருபத்தேழு வயதில் மறைந்தார். அவரை மேடையிற் கண்ட கண்கள் இன்று இல்லை எனலாம். ஆயினும் கிட்டப்பாவின் குரல்போல் வருமோ என இன்றும் சொல்கின்றோம். நாம் சொல்வது அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில், ஏறத்தாழ மூன்று நிமிடத்துள் அடங்கிய குரலை. தவறு நேர்வது, தட்டையே நாடகமெனக் கொண்டு அதை வைத்து நாடகத்துக்குத் தீர்ப்புக் கூறும்போதுதான். தட்டு ஒரு சாட்சி. சாட்சி சொன்னதை மாத்திரமன்றிச் சொல்லாமல் விட்டதையும் ஆராய்வது நீதிமன்ற வழக்கம். வழக்காடுதலில் நம்மூரவர்க்கு உள்ள பயிற்சியை நோக்கின் இதனை மேலும் விரிக்க வேண்டியதில்லை.

மேடையில் நடித்தவரைக் கொண்டே பாடல்களைப் பதிவு செய்யும் வழக்கம் இலண்டனில் முன்னரே வேரூன்றியிருந்தது. அமெரிக்காவிலோ, பெயர்பெற்ற பாடகர் எவரையேனும் அழைத்து இரண்டொரு பாட்டைப் பாடுவித்து விற்பதே வாணிகமாயிருந்தது. 1927 இல் தொடங்கிய ‘ஷோ போட்’ போன்ற பெரு நாடகத்துக்கும் அதன் முதற் குழுவினர் ஒருங்கே பாடிய தட்டுத் தொகுதி இல்லை.

இவ்வழக்கத்தை அங்கே முதலில் மாற்றியது, பெருஞ்செலவில் ஆடிய நாடகம் அன்று. மார்க் பிளிற்ஸ்ரைன் என்பார் இயற்றிய ‘த கிறேடில் வில் றொக்’ என்னும் தொழிலாளர் நாடகம் 1937 ஜூன் 16 ஆம் நாள் அரங்கேற இருந்தது. அரசின் உதவிப் பணத்தில் உருவான அந்நாடகத்துக்கு அரசே அரங்கின் கதவைப் பூட்டிற்று. நெறியாளர் ஓர்சன் வெல்ஸ் முதலானோர் அன்றிரவே வேறோர் அரங்கை வாடகைக்குப் பிடிக்க, கூட்டம் தெருவழியே அங்கு நடந்து சென்றது. மேடையில் ஏறி நடிக்கலாகாது என்பது நடிகர் சங்கத்தின் தடை. ஆதலின் பிளிற்ஸ்ரைன் மேடையில் தனியே பியானோ முன் அமர, நடிகர்கள் சபையோர் நடுவே, இருந்த இடத்திலேயே எழுந்து நின்று தத்தம் பகுதியைப் பாடினர். 1938 இல் இந்நாடகம் தட்டில் ஏறியபோதும் பியானோ ஒன்றே துணை. மூல நடிகராலே ஏறக்குறைய முழுமையாகப் பாடப்பெற்ற முதல் அமெரிக்கத் தொகுதி இதுவே என்பர்.

ஆயினும் ஊரறிந்த தொடக்கம் ‘ஒக்லஹோமா!’தான். றிச்சாட் றொட்ஜேர்ஸ் இசையமைக்க, ஒஸ்கார் ஹமர்ஸ்ரைன் பாட்டும் வசனமும் எழுத, 1943 மார்ச் 31 இல் அரங்கேறிய நாடகம் அது. திரை விலகும்போது மேடையில் ஒரு முதியவள் தனியே அமர்ந்து வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கிறாள். குழுப் பாட்டும் இல்லை, ஆடல் மகளிரும் இல்லை. திரைக்கப்பாலிருந்து ஓர் ஆண்குரல் விடியற்காலையை வியந்து பாடிக்கொண்டு வருகிறது. ஆட்டமும் ஆரவாரமுமாகத் தொடங்கிப் பழகிய நியூயோர்க் அரங்குக்கு இவ்வமைதி பெரும் புதுமை.

நாடகம் வென்றது, தட்டு உடனே வரவில்லை. காரணம் சுவையானது. தட்டும் வானொலியும் பெருகியதால் வாத்தியக்காரரின் பிழைப்புக் கெடுகிறது, விற்கும் தட்டு ஒவ்வொன்றுக்கும் சங்க நிதிக்குப் பணம் வேண்டும் எனக் கோரி அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் 1942 ஓகஸ்ட் முதல் ஒலிப்பதிவை முற்றாக நிறுத்தியிருந்தது. டெக்கா நிறுவனம் 1943 செப்டெம்பரில் சங்கத்துக்கு இணங்கிற்று. பெரிய நிறுவனங்களான விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர்வரை இணங்கவில்லை. அந்த இடைவெளியில் டெக்காவின் தலைவர் ஜக் கப் நாடகக் குழுவையும் வாத்தியக் குழுவையும் ஒருங்கே அழைத்து 1943 ஒக்டோபரில் பதிவு செய்தார். பத்து அங்குலத் தட்டுகள் ஆறு, பக்கங்கள் பன்னிரண்டு. தொகுதி பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. தொழிலாளர் கோரிக்கைக்கு முதலில் செவிசாய்த்தவனுக்கே இலாபமும் முதலிற் கிட்டியமை எமக்கு மகிழ்ச்சி தருவதொன்று.

இனி, அச்சாட்சி சொல்லாது விட்டது யாது? அந்நாடகத்திலே ஜட் என்னும் பண்ணைக் கூலியாள் ஒருவன் வருகிறான். இறைச்சி புகையூட்டும் கொட்டிலில் வாழ்பவன், எவரும் மதியாதவன், கதாநாயகியை விரும்பி ஈற்றில் உயிரிழப்பவன். அவன் தன் தனிமையைச் சொல்லி வெதும்பும் பாட்டு ஒன்று மேடையில் உண்டு. அதைப் பாடியவர் ஹவாட் ட சில்வா. (பெயரைக் கொண்டு நம் நாட்டவர் என மயங்கற்க, அவர் அமெரிக்கர்.) ஆறு தட்டுகளில் அப்பாட்டுக்கு இடமில்லை. பின்னர் இரண்டாம் தொகுதி வந்தபோது அது சேர்க்கப்பட்டது. ஆனாற் பாடியவர் ட சில்வா அல்லர், கதாநாயகனாக நடித்த அல்பிரட் டிறேக். ஒடுக்கப்பட்டவனின் புலம்பலை அவனை வென்றவனே பாடிய விந்தை இது! முதலங்கத்தின் முடிவில் அக்னஸ் டி மில் அமைத்த கனவு நடனம் கதாநாயகியின் உள்ளத்து அச்சத்தைக் காட்டுவது. நடனம் தட்டில் ஏறாது. ஆகவே தட்டை மாத்திரம் கேட்டு வளர்ந்தோர் அந்நாடகத்தை வெயிலும் சோளக்காடும் சிரிப்புமே எனக் கருதினர். யாமும் இருபது ஆண்டுகள் அவ்வாறே கருதியிருந்தோம்.

1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. மூன்று நிமிடத்துக்கொருமுறை எழுந்து தட்டு மாற்றும் தொல்லை தீர்ந்தது. ஒரு நாடகத்தின் பாடல்கள் ஒரே தட்டில் முறையாக அடங்கலாயின. இவ்வாய்ப்பை நன்கு உணர்ந்தவர் அந்நிறுவனத்தின் கொடாட் லீபர்சன். மேடையிற் கேட்டதை அப்படியே பிடித்து வைப்பது அவர் நோக்கமன்று. வீட்டில் அமர்ந்து கேட்போனின் காதுக்குப் பொருந்த அமைத்தலே அவர் முறை. 1956 இல் ‘மை ஃபெயர் லேடி’க்கு வேண்டிய முதலை, அவர் தூண்டுதலால், கொலம்பியாவின் தாய் நிறுவனமாகிய சி.பி.எஸ். முழுவதுமாக இட்டது. மார்ச் 15 இல் அரங்கேறிய நாடகம் 25 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பதிவாயிற்று. ஒரு நாட் பதிவுக்கு நடிகர்க்கு ஒரு வாரச் சம்பளம் தரவேண்டும் என்பது அவர்தம் சங்க விதி. ஆகவே எல்லாம் ஒரு நாளிலே முடிதல் வேண்டும். முன்பு தேவாலயமாயிருந்து ஒலிப்பதிவுக் கூடமாக மாறிய கட்டடம் ஒன்றிலே அப்பணி நடந்தது. 1981 இல் மூடப்பட்ட அக்கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது.

அத்தட்டின் நாயகர் றெக்ஸ் ஹரிசன் பாடகரே அல்லர். பாதி பாட்டாகவும் பாதி பேச்சாகவும் அவர் நடத்திச் செல்கிறார். எமது விடுதி மாணவருட் சங்கீதம் பயின்ற ஒருவர் அது கேட்டு முகஞ்சுளித்தமை நினைவிருக்கிறது. ஆனால் அக்குரலிலே ஒரு மனிதன் சிந்திப்பது கேட்கிறது. சுருதி சுத்தமான பாடகர் பலரிடம் யாம் அதைக் கேட்டதில்லை. அதே நடிகர்கள் 1959 இல் இலண்டனில் இருதடப் பதிவாக மீண்டும் பாடினர். ஒலி அதிற் சிறந்ததே. எனினும் எமது தெரிவு 1956 ஆம் ஆண்டுத் தட்டுத்தான். அரங்கேறிப் பத்தே நாளானவரின் படபடப்பு அதில் உண்டு; மற்றையதில் பழகிப்போன கையின் சோர்வு தெரிகிறது. 1964 இல் திரைப்படம் வந்தபோது ஜூலி அன்ட்றூஸுக்கு இடமளிக்கப்படவில்லை. ஓட்றி ஹெப்பேர்ண் நடிக்க, பாடல்களிற் பெரும்பாலானவற்றை மாணி நிக்சன் மறைவில் நின்று பாடினார். அன்ட்றூஸின் பூக்காரியைக் கேட்கத் தட்டன்றி வேறு வழி நமக்கில்லை.

தட்டு இழைத்த அநீதியும் உண்டு. அதனைச் சொல்லாது விடின் யாமும் அரைச் சாட்சியே ஆவோம். ஜோர்ஜ் கேர்ஷ்வின் இசையமைத்த ‘போர்கி அன்ட் பெஸ்’ 1935 ஒக்டோபர் 10 இல் நியூயோர்க்கில் அரங்கேறிற்று. கறுப்பின மக்களின் சேரி வாழ்வைக் கூறும் அவ்விசை நாடகத்தைக் கறுப்பினக் கலைஞரே பாடுதல் வேண்டும் என்பதில் கேர்ஷ்வின் உறுதியாக நின்றார். போர்கியாக ரொட் டங்கனும் பெஸ்ஸாக ஆன் பிறவுணும் பாடினர். நான்கு நாட் கழித்து விக்டர் நிறுவனம் தட்டுப் பதிவு செய்தபோது அழைத்தது அவ்விருவரையும் அன்று. வெள்ளையரான லோறன்ஸ் ரிபெற், ஹெலன் ஜெப்சன் என்னும் பெரும்பாடகர் இருவரை. கேர்ஷ்வின்தாமே உடனிருந்து மேற்பார்வை செய்தார். ரிபெற் குறைந்த பாடகரல்லர். அவர் குரலின் கம்பீரத்தை யாம் மறுக்கவில்லை. ஆனால் மேடையிலே நாள்தோறும் முழந்தாளிட்டுப் போர்கியாக வாழ்ந்தவனின் குரலுக்கு அன்று விலையில்லாமற் போயிற்று. டங்கனும் பிறவுணும் டெக்கா நிறுவனத்துக்காகப் பாடித் தட்டு வந்தது 1940 இல். கேர்ஷ்வின் 1937 இலேயே மறைந்துவிட்டார். 1936 இல் அந்நாடகம் வாஷிங்டன் சென்றபோது, கறுப்பினத்தவரைச் சமமாக அமரவிடாத அரங்கிற் பாடமாட்டோம் எனக் கலைஞர் மறுக்க, டங்கன் அதில் முன்னின்றார். அரங்கத்தார் அந்நாடகம் நடந்த நாட்களுக்கு அவ்விதியைத் தளர்த்தினர். அம்மறுப்பைப் பதிவு செய்த தட்டு எதுவுமில்லை.

இதற்கு மாறாக, மேடை செல்ல இயலாத இடத்துக்குத் தட்டுச் சென்றமையும் உண்டு. 1949 இல் வந்த ‘சவுத் பசிபிக்’ தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 69 வாரம் முதலிடத்தில் இருந்தது. இனத்துவேஷம் பிறவியில் வருவதன்று, சிறு வயதிலே பெரியோராற் புகட்டப்படுவது எனக் கூறும் ஒரு சிறு பாட்டு அதிலே இருக்கிறது. 1953 இல் ஜோர்ஜியா மாநிலச் சட்டமன்றத்தார் சிலர் அதற்கெதிராகச் சட்டங்கொணர முனைந்தனர். அதற்குள் அப்பாட்டு இலட்சக்கணக்கான வீடுகளின் முன்னறைகளிற் புகுந்துவிட்டது. நம் நாட்டில் அப்பாட்டுக்கு உரை எழுத வேண்டியதில்லை.

தோற்ற நாடகங்களின் கதை எம்மை இன்னும் கவர்வது. ஸ்டீபன் சொண்ட்ஹைம் பாட்டும் இசையும் எழுதிய ‘எனிவன் கான் விசில்’ 1964 ஏப்பிரலில் ஒன்பதே தடவை ஆடி முடிந்தது. முடிந்த மறுநாள் லீபர்சன் அக்குழுவினரை அழைத்துப் பாடச்செய்தார். தோற்ற நாடகத்தின் தட்டை யார் வாங்குவர்? வணிகக் கணக்கில் அது மூடத்தனமே. 1981 நவம்பரில் அவரது ‘மெறிலி வீ றோல் எலோங்’ பதினாறு தடவை ஆடி முடிந்தது. அதிலும் மறுநாளே பதிவு. நடிகர் பெரும்பாலும் இளைஞர். மேடை அகற்றப்படும் வேளையில், இனி எவரும் காணமாட்டாத நாடகத்துக்காக அவ்விளைஞர் பாடியதைக் கேட்போர் கல்நெஞ்சராயினும் கலங்குவர். நண்பர் மூவரின் வாழ்வை நடுவயதிலிருந்து இளமை நோக்கிப் பின்னாகச் சொல்லும் கதை அது. பழைய மாணவர் சங்கத்தார் அனைவரும் கேட்கத்தக்கது என்போம். அத்தட்டைக் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறையினர் அந்நாடகத்தை மீண்டும் மீண்டும் மேடையேற்றினர். 2023 இல் அது நியூயோர்க்கின் புறோட்வேக்கே திரும்பியது. 2024 இல் சிறந்த மறு அரங்கேற்றத்துக்கான ரோனி விருதையும் பெற்றது. சொண்ட்ஹைம் 2021 இல் மறைந்தமையால் அதைக் காணவில்லை.

அவரது ‘பொலீஸ்’ நாடகத்துக்கு 1971 இல் நேர்ந்தது மறுபுறம். பாடல் மிகுந்த அந்நாடகத்தை ஒரே தட்டில் அடைப்பதற்காகச் சில பாடல்களை விட்டும் சிலவற்றை வெட்டியும் வெளியிட்டனர். பதினான்கு ஆண்டு கழித்து, 1985 செப்டெம்பரில், நியூயோர்க் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவுடன் அரங்கிலே பாடிப் பதிவு செய்து அக்குறையைத் தீர்க்க முயன்றனர். குறை தீர்ந்தது, ஆனாற் பாடியவர் வேறு மனிதர். முதற்குழுவினரின் குரலில் விட்டது விட்டதுதான்.

இக்காலத்தில் நாடகத்தைப் படமாகவே பிடிக்கலாமே, தட்டெதற்கு என இளைய அன்பர் வினவுவர். பிடிக்கிறார்கள். நியூயோர்க் பொது நூலகம் 1970 முதல் அவ்வாறு பிடித்துச் சேர்த்து வருகிறது. ஆய்வாளர் அங்கே சென்று பார்க்கலாம். தட்டோ, கடல் கடந்து ஒரு விடுதியின் சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்தது.

ஆசிரியரின் அத்தட்டு அவர் ஓய்வு பெற்றபோது எம் கைக்கு வந்தது. 1995 ஒக்டோபரில் ஊரை விட்டு நடந்தபோது கையில் எடுத்தவற்றுள் அது இல்லை. திரும்பி வந்தபோது வீட்டில் உறையின் ஒரு பாதி கிடந்தது. சென்ற ஆண்டு பேரன் தனது கைத்தொலைபேசியில் அதே பதிவை ஒரு நொடியில் எடுத்துத் தந்தான். ஹரிசனின் குரல் அப்படியே இருந்தது. இரண்டாம் பாட்டிலே எமது தட்டில் ஊசி துள்ளும் இடத்தில் துள்ளாமற் போனமைதான் சற்று ஏமாற்றம்.

இவ்வளவும் எழுதத் தூண்டியது வேறொன்று. நம் கல்லூரி மண்டபத்திலே, யாம் மாணவராவதற்கு முன், பழைய மாணவர்கள் அரிச்சந்திர நாடகத்தை விடிய விடிய ஆடிய செய்தியை மூத்தோர் வாயிலாகக் கேட்டிருக்கின்றோம். நிழற்படம் ஒன்று உண்டு. குரல் ஒன்றேனும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவர் ஒன்றுகூடலில், அன்று நடித்தவருள் எஞ்சிய இருவர் எழுந்து பாடினர். அரிச்சந்திரனாக நடித்தவர் மயான காண்டத்தைப் பாடியபோது இருபது கைத்தொலைபேசிகள் உயர்ந்தன, எமதும் அவற்றுள் ஒன்று. அவர் அமர்ந்ததும் காலகண்டையராக நடித்தவர் எழுந்தார். சந்திரமதியை விலைக்கு வாங்கிக் கொடுமை செய்யும் பாத்திரம். சபையோர் சிரித்தனர், சாப்பாட்டு மணியும் அடித்தது, எல்லாத் தொலைபேசிகளும் பைக்குள் இறங்கின. ஜட்டின் பாட்டு விடுபட்டதைப் பற்றி அத்தனை ஆண்டுகள் குறைகூறிய யாமும் எமது கருவியை அணைத்துவிட்டோம்.

அரிச்சந்திரனாக நடித்தவர் அதற்கடுத்த ஆண்டு காலமானார். காலகண்டையர் இருக்கின்றார், தொண்ணூறை அணுகியவர். காது சற்று மந்தம். குரல் மந்தமில்லை என அவர் மகள் கூறுகின்றார். ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்த மாணவர் ஒருவர் இப்போது உயர்தர வகுப்பில் இருப்பதாக அறிகின்றோம். பெரியவரின் வீடு கல்லூரி வாயிலிலிருந்து சைக்கிளிற் பத்து நிமிடத் தூரம். மாலை நான்கு மணிக்குப்பின் விழித்திருப்பார்.